தண்டுவடம் எங்கே முடிகிறது? முதுகில் ஊசி போடுமுன் வரும் கேள்விகள்

தினமும் நாலைந்து பேராவது எனக்கு முதுகைத் திருப்பிக் காட்டி உட்காருகிறார்கள். சிசேரியனுக்கு வந்த பெண், ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த பெரியவர், காலில் ராடு வைக்க வந்த பைக் பையன். மயக்க மருந்து டாக்டரான நான் ஊசியைக் கையில் எடுக்குமுன்பே கேள்வி வந்துவிடும்: "டாக்டரம்மா, தண்டுவடத்துல குத்தப் போறீங்களா? கால் போயிடாதே?" ஆபரேஷன் தியேட்டரில் ஒரு நிமிடத்துக்குமேல் பேச முடிவதில்லை. அதனால் அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். பதில் முதலிலேயே: நான் குத்தும் இடத்தில் தண்டுவடம் கிடையாது.

முதுகெலும்பும் தண்டுவடமும் ஒன்றுதானே?

இல்லை. பேச்சில் இரண்டையுமே 'முதுகுத்தண்டு' என்று சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக முள்ளெலும்புகளை அடுக்கியது முதுகெலும்பு. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே ஐந்தும் ஒட்டி ஒரே எலும்பாகிப்போன திரிகம், கடைசியில் வால் எலும்பு. இந்த அடுக்கில் உள்ள துவாரங்கள் வரிசையாகச் சேர்ந்து நீளமான ஒரு குழாய் ஆகின்றன. மூளையிலிருந்து அந்தக் குழாய்க்குள் இறங்கி வரும் நரம்புத் திசுதான் தண்டுவடம். நம் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். மொத்த எடை 35 கிராம் அளவு.

இடுப்பு முள்ளெலும்புகளை மேலிருந்து கீழாக எல் 1, எல் 2 என்று எல் 5 வரை எண்ணுவோம். இனி அப்படியே சொல்கிறேன்.

தண்டுவடம் குழாயின் அடிவரை போகாதா?

போகாது. முதுகெலும்பின் நீளம் சுமார் 70 செ.மீ. என்றால், தண்டுவடம் ஆண்களுக்கு 45 செ.மீ., பெண்களுக்கு இன்னும் இரண்டு மூன்று செ.மீ. குறைவு. பெரும்பாலானவர்களுக்கு அது எல் 1, எல் 2 எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வின் மட்டத்திலோ, சற்று மேலேயோ முடிந்துவிடுகிறது. உத்தேசமாக உங்கள் தொப்புளுக்கு நேர் பின்னால் இருப்பது எல் 3, எல் 4 பகுதி. அதாவது தொப்புள் மட்டத்துக்கு நாலு விரற்கடை மேலேயே தண்டுவடம் நின்றுவிடுகிறது.

ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு மார்பின் 12-வது எலும்போடு முடியும், வெகு சிலருக்கு எல் 3-இன் மேல்விளிம்புவரை வரும். இந்த 'வெகு சிலர்' என்ற சொல் எங்களுக்கு முக்கியம். ஏன் என்று பின்னால் வருகிறது.

ஏன் இப்படிப் பாதியில் நின்றுபோகிறது?

நின்றுபோவது தண்டுவடமில்லை, அதை முந்திக்கொண்டு ஓடுவது எலும்பு. கருவில் மூன்றாம் மாதம்வரை தண்டுவடம் குழாயின் கடைசிவரை நிறைந்திருக்கிறது. ஒவ்வொரு நரம்பும் தனக்கு நேரே உள்ள இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் வெளியேறுகிறது. அதன்பிறகு எலும்பு மளமளவென்று வளர, தண்டுவடத்தால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. மேல்முனை மூளையோடு கட்டுண்டு கிடப்பதால் கீழ்முனைதான் எலும்புக் கணக்கில் 'மேலே ஏறுகிறது'. குழந்தை பிறக்கும்போது எல் 3 அருகே இருக்கும். முதல் சில மாதங்களிலேயே பெரியவர்களின் மட்டத்துக்கு வந்துவிடும்.

பையனுக்கு ஆறு வயதில் தைத்த பேன்ட்டைப் பத்து வயதில் போட்டுப் பார்த்தால் முழங்காலோடு நிற்குமே, அப்படி. துணி சுருங்கவில்லை, கால் நீண்டுவிட்டது.

அந்த முனை பார்க்க எப்படி இருக்கும்?

முதல் வருடம் உடற்கூறியல் கூடத்தில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. குப்புறக் கிடத்திய உடலில் முதுகுத் தசையை ஒதுக்கி, முள்ளெலும்புகளின் பின்வளைவுகளை உளியால் ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்கவே ஒரு மதியம் போய்விட்டது. உள்ளே சாம்பல் வெள்ளையில் தடித்த ஓர் உறை, அதுதான் டியூரா. அதைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி இரு பக்கமும் விரித்தார் எங்கள் பேராசிரியை. மேலே கெட்டியான வடம். கீழே வரவர, கால்களுக்கான நரம்புகள் கிளம்பும் இடத்தில் சற்றுப் பருத்து, பிறகு சீவிய பென்சில் முனை மாதிரி கூம்பி முடிந்தது. அந்தக் கூம்புக்குத்தான் கோனஸ் மெடுல்லாரிஸ் என்று பெயர்.

கூம்பு சின்னதுதான், ஆனால் அதன் பொறுப்பு பெரிது. ஒரு ஜோடி நரம்பு கிளம்பும் தண்டுவடத் துண்டை 'கணு' என்போம். சிறுநீர்ப்பை, மலக்குடல், பாலுறுப்புகள் ஆகியவற்றுக்கான திரிகக் கணுக்கள் (இரண்டாவது முதல் நான்காவது வரை) இங்கேதான் அடைந்து கிடக்கின்றன. அதற்குள் சிறுநீர், மலவாய்களின் சுருக்குத் தசைகளை ஆளும் ஒரு சிறு செல்கூட்டம் உண்டு. ஓனுஃப்ரோவிச் என்பவர் 1899-இல் விவரித்ததால் ஓனுஃப் கரு என்கிறோம். இதில் ஒரு விசித்திரம்: தண்டுவடத்தின் இயக்கச் செல்களைத் தேடித் தேடி அழிக்கும் போலியோ இந்தக் கூட்டத்தைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. கால் சூம்பிப்போனவர்களும் சிறுநீரைக் கட்டுப்படுத்த முடிந்ததற்கு இது ஒரு காரணம்.

அதற்குக் கீழே குழாய் காலியாகவா இருக்கிறது?

அங்கேதான் குதிரைவால். தண்டுவடத்திலிருந்து மொத்தம் 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. கழுத்தில் கிளம்புபவை கிட்டத்தட்ட நேர் கிடையாக வெளியேறிவிடும். கீழே போகப் போக, வடம் மேலேயும் வாசல் கீழேயுமாக ஆகிவிட்டதால், நரம்பு வேர்கள் தங்கள் வாசலைத் தேடிக் குழாய்க்குள்ளேயே நீண்ட தூரம் இறங்க வேண்டியிருக்கிறது. எல் 2 முதல் வால் எலும்பு நரம்புவரை பத்து ஜோடி. ஒவ்வொன்றுக்கும் முன்வேர், பின்வேர் என்று இரண்டு. ஆக 40 இழைகள் ஒன்றாகத் தொங்குகின்றன. பார்த்தால் சீவிவிட்ட குதிரைவாலேதான். லத்தீனில் காடா ஈக்வைனா என்பதற்கும் அதுதான் பொருள்.

இந்த இழைகள் காற்றில் தொங்கவில்லை, தண்ணீரில் மிதக்கின்றன. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் மூளைத் தண்டுவடத் திரவம் டியூரா உறைக்குள் இங்கே குளம்போலத் தேங்கியிருக்கிறது. உறை திரிகத்தின் இரண்டாவது எலும்பு மட்டத்தில் முடிகிறது. எல் 2 முதல் அங்குவரை: தண்டுவடம் இல்லை, திரவமும் இழைகளும் மட்டும். மயக்க மருந்து டாக்டருக்கு இயற்கை கொடுத்த இடம் இது.

குதிரைவால் நடுவே ஒரு தனி இழை உண்டாமே?

உண்டு, ஃபைலம் டெர்மினாலே. கூம்பின் நுனியிலிருந்து கிளம்பி வால் எலும்புவரை போகும். நீளம் சுமார் 20 செ.மீ. அதில் முதல் 15 செ.மீ. உறைக்குள், மிச்சம் உறைக்கு வெளியே. கால் கைக்குச் செய்தி எதையும் கொண்டுபோகாது. பையா என்னும் மெல்லிய உறையின் நார்தான் அது, தண்டுவடத்தைக் கீழே கட்டி நிறுத்தும் நங்கூரக் கயிறு. நம் முன்னோர் வாலோடு இருந்த காலத்தின் மிச்சம் என்றும் சொல்லலாம். கருவிலும் சில வாரங்கள் நமக்கு வால் இருந்து மறைகிறது, மறைந்த பகுதியில் எஞ்சியது இந்த நார்.

சரி, அந்த 40 இழைகளில் ஒன்றை ஊசி குத்திவிடாதா?

பாயசத்தில் மிதக்கும் சேமியாவை ஒற்றை ஊசியால் குத்தி எடுத்துப் பாருங்கள். வழுக்கி விலகும். குதிரைவால் இழைகளும் அப்படித்தான் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கின்றன. எப்போதாவது ஊசி ஓர் இழையில் உரசும். அப்போது ஒரு காலில் 'சுரீர்' என்று மின்சாரம் அடித்ததுபோல் இருக்கும். அதனால்தான் "கால்ல ஷாக் அடிச்சா உடனே சொல்லுங்க, ஆடாம சொல்லுங்க" என்று கெஞ்சுகிறோம். சொன்னதும் ஊசியை இழுத்துக்கொள்வோம், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். இழை விலகுவதுபோல் தண்டுவடம் விலகாது. ஆகவே அது இருக்கும் மட்டத்துக்கு நாங்கள் போவதில்லை.

எல் 3, எல் 4 என்று தோலுக்கு மேலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

இடுப்பில் கைவைத்து நிற்கும்போது விரல் படும் எலும்பு மேடுகள் இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால், அது எல் 4 எலும்பையோ அதன் கீழ் இடைவெளியையோ கடக்கும். டுஃபியே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் பெயரில் அதை டுஃபியே கோடு என்பார்கள். அங்கிருந்து விரலால் எண்ணுகிறோம்.

இதில் மழுப்பாமல் ஒன்று சொல்ல வேண்டும். விரல் ஏமாற்றும். உடல் பருத்தவர்களிடமும் நிறைமாதப் பெண்களிடமும் அதிகம் ஏமாற்றும். 2000-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. மயக்கவியல் மருத்துவர்கள் 100 நோயாளிகளின் முதுகில் இடைவெளிகளைத் தொட்டுச் சொன்னதை எம்.ஆர்.ஐ. படத்தோடு ஒப்பிட்டார்கள். சரியாகச் சொன்னது 29 சதவீதம்தான். தவறியதில் பெரும்பாலானவை நினைத்ததற்கு ஒரு படி மேலே. அப்படியானால் எல் 2, எல் 3 நடுவே என்று நினைத்துக் குத்துபவர் உண்மையில் எல் 1, எல் 2 நடுவே இருக்கக்கூடும். அங்கே பலருக்குக் கூம்பின் நுனி இருக்கிறது. முன்பு சொன்ன அந்த 'வெகு சிலருக்கோ' எல் 2, எல் 3 நடுவிலேயே வடம் இருக்கும். கூம்பில் ஊசி பட்டுக் கால் பலவீனமான சம்பவங்கள், அரிதாக என்றாலும், மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே எல் 3-க்கு மேலே போகாதே என்பதுதான் நான் பயிற்சி மருத்துவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது. சந்தேகமிருந்தால் இன்னும் ஒரு படி கீழே. இப்போது அல்ட்ராசவுண்ட் வைத்து எண்ணும் வசதியும் வந்துவிட்டது.

ஏன் இறால் மாதிரி சுருண்டு படுக்கச் சொல்கிறீர்கள்?

நிமிர்ந்து உட்கார்ந்தால் முள்ளெலும்புகளின் பின்முனைகள் ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வழியை அடைத்துக்கொள்ளும். நாடியை நெஞ்சில் பதித்து, முழங்காலை வயிற்றுக்கு இழுத்தால் அவை விரியும். பிறகு தோல், கொழுப்பு, இரண்டு நாண்கள், மஞ்சள் நாண் என்று ஊசி ஒவ்வொன்றாகக் கடக்கும். மஞ்சள் நாண் ரப்பர்போல் இறுக்கிப் பிடிக்கும். அதைத் தாண்டி டியூராவைத் துளைக்கும்போது விரல் நுனியில் லேசாக ஒரு 'டக்'. உள்கம்பியை உருவினால் கண்ணீர்த்துளி மாதிரி தெளிவாக ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சொட்டைப் பார்க்கும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்துதான் எனக்கு முதுகுவலி. இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்காத வாரமில்லை. பத்து வருடப் பழைய வலிக்கும் அந்த ஊசிதான் பழி சுமக்கிறது. குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் நீண்டகால முதுகுவலி இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருக்கிறது. கர்ப்பத்தில் முன்னே சாய்ந்த பாரம், தளர்ந்த தசைநார்கள், பிள்ளையை இடுப்பில் ஒருபக்கமாகத் தூக்குவது, குனிந்தே பால் கொடுப்பது எல்லாம் சேர்ந்து வந்த வலி அது. இதைச் சொன்னால் மாமியார்கள் என்னை நம்புவதில்லை. வலி உண்மையானது, அதற்கு உடற்பயிற்சியும் சிகிச்சையும் வேண்டும். ஊசிமேல் பழிபோட்டுவிட்டு அதைச் செய்யாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

ஊசிக்குப் பிறகு தலைவலி வருமாமே?

வரலாம். டியூராவில் விழுந்த துளை வழியே திரவம் கசிந்தால் ஓரிரு நாளில் தலைவலி வரும். எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் குறையும், அதுதான் அடையாளம். 1898 ஆகஸ்ட்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் கோகெய்னை வைத்து இந்த மயக்க முறையைத் தொடங்கினார். தானே அனுபவித்துப் பார்க்க வேண்டும் என்று உதவியாளர் ஹில்டெபிராண்டைத் தன் முதுகில் குத்தச் சொன்னார். சிரிஞ்சும் ஊசியும் பொருந்தாமல் திரவம் நிறையக் கொட்டிப்போனது. பிறகு இருவரும் இடம் மாற, ஹில்டெபிராண்டுக்கு மருந்து வேலை செய்தது. பியர் அவர் கணைக்கால் எலும்பில் இரும்புச் சுத்தியலால் தட்டிக்கூடப் பார்த்தார், வலிக்கவில்லை. அன்றிரவு மதுவும் சுருட்டுமாகக் கொண்டாடினார்கள். பிறகு பியருக்கு ஒன்பது நாள் படுக்கை.

இன்று ஊசி மயிர்போல் மெலிந்துவிட்டது. முனையும் டியூராவின் இழைகளை வெட்டாமல் விலக்கும்படி பென்சில் வடிவத்தில் வருகிறது. அதனால் இந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது. வந்தால் சொல்லுங்கள், வீட்டில் பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள்.

முதுகில் தண்ணி எடுத்தால் சத்து போய்விடாதா? மஜ்ஜையையா எடுக்கிறீர்கள்?

மஜ்ஜை எலும்புக்குள் இருப்பது. அதை இடுப்பெலும்பில் எடுப்பார்கள், அது வேறு பரிசோதனை. முதுகில் எடுப்பது மேலே சொன்ன திரவத்தை. 1891-இல் குவிங்கே என்பவர் இந்த முறையை விவரித்தார், அதுவும் கீல் நகரில்தான். உடலில் மொத்தம் சுமார் 150 மி.லி. இருக்கும், ஒரு நாளில் சுமார் 500 மி.லி. புதிதாகச் சுரக்கிறது. பரிசோதனைக்கு நாங்கள் எடுக்கும் சில மி.லி. மதியச் சாப்பாட்டுக்குள் ஊறிவிடும். மூளைக் காய்ச்சலா, காசநோய்க் கிருமி மூளை உறையைத் தாக்கியதா என்று சந்தேகம் இருக்கும்போது இந்தப் பரிசோதனைக்கு மறுப்பது ஆபத்து. பயத்தில் இரண்டு நாள் கடத்திவிட்டு நினைவு தப்பிய பிறகு தூக்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மரத்திலிருந்து விழுந்தவருக்கு அடிபட்டது நடுமுதுகில். சிறுநீர் ஏன் நின்றுபோகிறது?

தென்னை, பனை ஏறி விழுபவர்களிடம், சாரத்திலிருந்து விழும் கொத்தனார்களிடம் அடிக்கடி காண்பது இது. நகராத மார்பு எலும்புகளும் வளைகிற இடுப்பு எலும்புகளும் சந்திக்கும் மூட்டில், அதாவது மார்பு 12, எல் 1 எலும்பில், விழுந்த வேகமெல்லாம் போய் இறங்குகிறது. எலும்பு நொறுங்குகிறது. வடம் குட்டையாக இருப்பதால் எலும்பின் எண்ணும் தண்டுவடக் கணுவின் எண்ணும் இங்கே ஒத்துப்போவதில்லை. மார்பு 10-க்கும் எல் 1-க்கும் நடுவிலேயே இடுப்புக் கணுக்கள், திரிகக் கணுக்கள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. அதனால் நொறுங்கிய எல் 1-க்கு நேர் பின்னால் இருப்பது கூம்பு. கால் ஓரளவு அசையும், ஆனால் சிறுநீர் வராது, மலவாயைச் சுற்றி உணர்ச்சி இருக்காது. விழுந்தவரை இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்து ஆட்டோவில் மடித்துப் போடாதீர்கள். பலகையிலோ கதவிலோ நேராகக் கிடத்தி, ஆம்புலன்ஸில் கொண்டுவாருங்கள்.

ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். எப்போது பயப்பட வேண்டும்?

ஒரு காலில் மட்டும் இழுக்கும் வலி என்றால் பெரும்பாலும் அவசரமில்லை. ஓய்வு, மாத்திரை, பயிற்சி என்று பலருக்குக் குறைந்துவிடும். ஆனால் பெரிய ஜவ்வு நடுவாகப் பிதுங்கிக் குதிரைவாலையே நசுக்கினால் நிலைமை வேறு. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் படும் இடம் மரத்துப்போவது, கழுவும்போது தொட்டதே தெரியாமல் இருப்பது, சிறுநீர் முட்டியும் வராதது அல்லது தெரியாமலே சொட்டுவது, இரண்டு காலும் தளர்வது. இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் அன்று ராத்திரியே எம்.ஆர்.ஐ. வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும் என்பார்கள், முந்தினால் இன்னும் நல்லது. கூச்சப்பட்டு "மூத்திரம் சரியா போகல" என்பதைச் சொல்லாமல் வலி மாத்திரை மட்டும் வாங்கிப்போகிறவர்கள்தான் எங்களைக் கலங்க வைக்கிறார்கள். குதிரைவால் இழைகள் தண்டுவடத்தைப்போல அல்லாமல் கை கால் நரம்புகளின் இனம். நேரத்தோடு விடுவித்தால் தேற வாய்ப்பு அதிகம்.

குழந்தையின் பிட்டத்துக்கு மேலே சின்னக் குழி இருக்கிறது. ஏதாவது கோளாறா?

பிளவுக்குள்ளேயே, மலவாய்க்கு அருகே இருக்கும் ஆழமற்ற சிறு குழி சாதாரணமானது, நிறையக் குழந்தைகளுக்கு உண்டு. பிளவுக்கு மேலே தள்ளி இருந்தாலோ, அந்த இடத்தில் முடிக்கற்றை, கொழுப்புக் கட்டி, சிவப்பு மச்சம் இருந்தாலோ காட்டிவிடுங்கள். உள்ளே ஃபைலம் தடித்து, கொழுப்பேறி, தண்டுவடம் மேலே ஏறமுடியாமல் கட்டுண்டு கிடக்கலாம். குழந்தை வளர வளர அது இழுபடும். நடை கோணும், பழகிய பிறகும் படுக்கை நனையும். முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் எலும்பு இன்னும் இறுகியிருக்காது, சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே முனையைப் பார்த்துவிடலாம்.

மூலாதாரத்தில் தண்டுவடம் சுருண்டு கிடக்கிறது என்கிறார்களே?

யோகம் சொல்லும் மூலாதாரத்தைப் பற்றி நான் பேசத் தகுதியுள்ளவள் அல்ல. உளியால் திறந்து பார்த்த இடத்தில் இருந்தது ஒரு மெல்லிய நார் மட்டுமே, அதுவும் சுருளாமல் நேராக.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'கோனஸ் எல் 1 மட்டத்தில் முடிகிறது' என்று போட்டிருக்கிறார்கள். தண்டுவடம் அறுந்துவிட்டதா?

போன வாரம்கூட ஒருவர் இந்த வரிக்கு அடிக்கோடு போட்டு, கை நடுங்க எடுத்து வந்தார். எல்லார் ரிப்போர்ட்டிலும் இருக்கும் வரி அது. உங்கள் முனை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று பொருள். எல் 3 என்றோ அதற்குக் கீழே என்றோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேளுங்கள். எப்போதாவது முதுகில் ஊசி போட்டுக்கொள்ள நேர்ந்தால், அந்தக் காகிதத்தை எங்களிடம் முதலில் நீட்டுங்கள்.